தங்கையின் முடியிலேயே வீட்டில் விக் செய்ய முடியுமா?

கேள்வி: என் தங்கைக்கு அடுத்த மாதம் கீமோதெரபி தொடங்குகிறது. இடுப்பு வரை நல்ல முடி. கொட்டுவதற்கு முன்பே வெட்டி, அதை வைத்து நானே வீட்டில் விக் செய்து தர ஆசைப்படுகிறேன். தையல் நன்றாக வரும். தையல் மெஷினும் இருக்கிறது. இது நடக்கிற காரியமா?

பதில்: நடக்கிற காரியம்தான். ஆனால் வலைத்துணியில் ஒவ்வொரு முடியாகக் கோத்து முடிச்சுப் போடும் முறையை முழுத் தலைக்கும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் பல்லாயிரம் முடிச்சுகள் விழ வேண்டும். கை பழகியவர்களுக்கே நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு வாரம் போய்விடும். கீமோவில் முடி கொட்டுவதோ பெரும்பாலும் முதல் மருந்து ஏறி 2 முதல் 4 வாரத்துக்குள் தொடங்கிவிடும். அதனால் பின்தலைக்கும் பக்கங்களுக்கும் முடிப்பட்டை, அதாவது முடியை வரிசையாகப் பரப்பி மெஷினில் தைத்த பட்டை, தைத்துவிடுங்கள். கைமுடிச்சு வகிட்டுக்கும் நெற்றியோரத்துக்கும் மட்டும் போதும்.

கத்தரியை எடுக்கும் முன் மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள். எல்லா கீமோ மருந்துக்கும் முடி முழுவதும் கொட்டுவதில்லை. தங்கைக்குக் கொடுக்கப்போகும் மருந்தில் கொட்டுமா என்று தெரிந்துகொண்டு வெட்டுங்கள்.

வெட்டுவதற்கு முந்தைய வேலை ஒன்று இருக்கிறது. விக் இயல்பாகத் தெரிவது பாதிக்கு மேல் இதில்தான் இருக்கிறது. முடியைத் தலையோடு படிய வாரி, உணவு மூடும் பிளாஸ்டிக் தாளைத் தலையில் இறுக்கமாகச் சுற்றுங்கள். முகத்துப் பக்கம் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் மேல் ஒளி ஊடுருவும் செல்லோடேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினால் கெட்டியான ஓடு போல ஆகிவிடும். இப்போது மார்க்கரால் நெற்றியில் முடி தொடங்கும் கோடு, காதோரம், பிடரி, வகிடு எல்லாவற்றையும் அதன் மேல் வரையுங்கள். முடி போன பிறகு இந்தக் கோடுகளைச் சரியாகக் கண்டுபிடிக்க முடியாது. கழற்றிய ஓட்டுக்குள் காகிதத்தைத் திணித்தால் அதுவே விக்கை மாட்டித் தைப்பதற்கான காகிதத் தலையாகிவிடும். முடி போனதும் தலைச்சுற்றளவு கொஞ்சம் குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து முடி. அலசி முழுவதும் காய்ந்த முடியை ஏழெட்டுக் கற்றைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டி, கட்டுக்கு மேலே, தலைப்பக்கமாக வெட்டுங்கள். வெட்டியது எதுவும் சிதறக் கூடாது. முடியின் மேல்தோல் மீன் செதில் போல வேரிலிருந்து நுனி நோக்கி அடுக்கியிருக்கும். வேரும் நுனியும் மாறிக் கலந்தால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டி, இரண்டு அலசலில் சிக்காகிவிடும். சீப்பில் வந்த உதிர்முடியைச் சேர்க்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். சந்தேகம் வந்தால் ஒரு முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நீளவாக்கில் முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். அது நகரும் பக்கம் வேர்.

தோள் வரை வரும் விக்குக்குக் குட்டை முடிகளைச் சீவி எடுத்த பிறகு 100 கிராமுக்குக் குறையாமல் முடி தேவை. ஒரே தலை முடியில் பெரும்பாலும் அவ்வளவு தேறாது. இடுப்பு வரை முடி இருப்பது இங்கேதான் உதவும். கற்றையை நடுவில் கட்டி இரண்டாக வெட்டினால் முடிகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், நீளம் பாதியாகும். கீழ்ப்பாதி வயதான முடி, சொரசொரப்பாக இருக்கும். அதைப் பிடரியின் உள்வரிசைகளுக்கு வைத்துக்கொண்டு, மேல்பாதியை வெளியே தெரியும் இடங்களுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தங்கை நீளமான விக்தான் வேண்டும் என்றால் கூடுதல் முடி வாங்கித்தான் ஆக வேண்டும். என்னைக் கேட்டால் குட்டையானதே நல்லது. கனம் குறைவு, சிக்கும் குறைவு.

முடிப்பட்டைக்கு மெஷின் போதும். இரண்டு மெல்லிய காகிதப் பட்டைகளுக்கு நடுவே முடியைச் சீராகப் பரப்பி, வேர்ப்பக்கம் 2 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். நெருக்கமான தையலாக ஒன்று ஓட்டிவிட்டு, நீட்டிய வேர்களைப் பின்னால் மடித்து மறுபடி ஓட்டுங்கள். அப்புறம் காகிதத்தைக் கிழித்து எடுத்துவிடலாம். மடிந்த குட்டை முடி தோலில் குத்தும். கீமோ நேரத்தில் தலைத்தோல் சிறு உரசலையும் தாங்காது. அதனால் அதை ஒட்ட நறுக்கி, பட்டையைத் தைக்கும்போது அந்தப் பக்கம் வெளியே பார்க்கட்டும்.

நீளும் தன்மையுள்ள மெல்லிய தொப்பியைக் காகிதத் தலையில் மாட்டி, பிடரியிலிருந்து மேல்நோக்கி வரிசை வரிசையாகத் தையுங்கள். கீழே 1.5 செ.மீ. இடைவெளி, உச்சியை நெருங்க நெருங்க அதைக் குறைத்துக்கொள்ளலாம். தையல் கோணல்மாணலாக வளைந்து போகட்டும். நேராக இழுத்துத் தைத்தால் தொப்பி நீளாமல் போகும்.

முன்பகுதிக்கு விக் செய்வதற்கென்றே விற்கும் வலைத்துணியும் கொக்கி ஊசியும் வாங்கிவிடுங்கள். சாதாரண அலங்கார வலையில் முடிச்சு நிற்காது. முடியை வேர்ப்பக்கம் சிறிதாக இருக்கும்படி மடித்து இடது கையில் பிடியுங்கள். வலையின் ஒரு இழைக்கு அடியில் கொக்கியை விட்டு, மடிப்பைப் பிடித்து இழுங்கள். மடிப்பு கொக்கியிலேயே இருக்க, முடியின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கொக்கியில் மாட்டி, அந்த மடிப்புக்குள்ளேயே இழுத்து இறுக்கினால் முடிச்சு விழும். மீந்துபோன வலைத்துண்டில் இரண்டு நாள் பழகிவிட்டு உண்மையான துணியில் கை வையுங்கள். வலையில் விளிம்புக்குச் சற்றுப் பின்னால் இரண்டு மூன்று முடிகளாகவும், நெற்றி விளிம்பில் ஒவ்வொன்றாகவும் போடுங்கள். விளிம்பு கோடு போட்டது மாதிரி நேராக வந்தால் உடனே விக் என்று தெரிந்துவிடும். முன்னே பின்னே விட்டுப் போடுங்கள்.

பசை, உள்ளே மாட்டும் சீப்புக் கிளிப் இரண்டும் வேண்டாம். பிடரியில் அளவு மாற்றக்கூடிய எலாஸ்டிக் போதும். உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டால் உறுத்தல் இருக்காது.

நாள் நெருங்கிவிட்டது, முடியவில்லை என்றால், ஒரு மென்மையான தலைப்பட்டையில் பிடரிக்கும் காதோரங்களுக்கும் மட்டும் முடிப்பட்டை தைத்துக் கொடுங்கள். மேலே ஸ்கார்ஃப் கட்டினால் கீழே தங்கையின் சொந்த முடி தெரியும். ஒரே நாளில் செய்துவிடலாம், தலையும் காற்றோட்டமாக இருக்கும். முழு விக்கைவிட இதையே விரும்பி அணிகிறவர்களும் உண்டு. அதனால் முதலில் இதைச் செய்து வைத்துவிட்டு, பெரிய வேலையை நிதானமாகத் தொடங்குங்கள்.

முடியை அழகு பார்த்து வெட்டும் வேலையைக் கடைசியாக, தங்கை தலையில் விக்கை மாட்டிய பிறகு, கண்ணாடி முன் அவர் சொல்லச் சொல்லச் செய்யுங்கள்.