மாவுருண்டையும் ஒரு பொய்யும்

கேள்வி: என் பேரனுக்கு நாலு வயது முடியப்போகிறது. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். போன வாரம் பேரன் மாவுருண்டையை எடுத்துத் தின்றுவிட்டு, வாயெல்லாம் மாவோடு நின்று "நான் எடுக்கலை" என்றான். இதுவரை பொய்யே சொன்னதில்லை. மருமகள் அடித்துவிட்டாள். எப்படித் திருத்துவது?
- ஓர் அப்பத்தா, தேவகோட்டை

பதில்: முதலில், அடிக்க வேண்டாம் என்று மருமகளிடம் சொல்லுங்கள் ஆச்சி. தனக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று பேரன் இப்போதுதான் கண்டுகொண்டிருக்கிறான். வாயில் ஒட்டிய மாவு காட்டிக்கொடுக்கும் என்பதுதான் இன்னும் எட்டவில்லை.

ஆஸ்திரியாவைச் சேர்ந்த விம்மர், பெர்னர் என்ற இருவர் 1983-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? இதுதான் பிள்ளைகளிடம் கேட்ட கேள்வி. மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டுவார்கள். நாலு வயதைத் தாண்டும்போது பதில் மாறத் தொடங்குகிறது.

காரைக்குடியில் இருபது வருஷம் பால்வாடி நடத்தியவள் நான். இருந்தாலும் என் பேத்தியிடம் கேட்டபோதுதான் இது எனக்கு மனதில் பட்டது. பெரியாத்தா பட்டாலையில் வைத்த சீடை டப்பாவை, அவர் குளிக்கப் போனபோது நானும் அவளும் அடுப்படியில் வைத்தோம். "பெரியாத்தா எங்க தேடுவாங்க?" என்றேன். அப்போது அவளுக்கு மூன்று வயது. "அடுப்படியில, அங்கதானே இருக்கு!" என்றாள். அடுத்த வருஷம் அதையே செய்தபோது, "பட்டாலையில தேடுவாங்க. பாவம், அவங்களுக்குத் தெரியாதே" என்றாள்.

அந்தப் 'பாவம்' என்ற சொல்லை நான் மறக்கவே இல்லை. உங்கள் பேரனின் பொய்யும் அந்த இரக்கமும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. அடித்தால், பயந்து இன்னும் நன்றாக மறைக்கத்தான் கற்றுக்கொள்வான்.

அண்ணன் தம்பியோடு வளரும் பிள்ளைகளுக்கு இந்தப் புரிதல் சற்று முன்பே வருவதாக 1994-இல் பெர்னர் குழுவினர் எழுதினார்கள். நம் வளவு வீடுகளில் முன்பு பிள்ளைகள் கூட்டமாக ஓடின. இப்போது உங்கள் வீட்டில் அவன் ஒருவன்தான் போலிருக்கிறது. அதனால் நீங்கள்தான் அவனோடு நிறையப் பேச வேண்டும். "கேட்காம எடுத்தது அம்மாவுக்கு வருத்தமா இருக்கு, உனக்கு ஆசையா இருந்துச்சா?" என்று கேளுங்கள். அப்பா போனில் வரும்போது, "இங்க மழை பெய்யிறது அப்பாவுக்குத் தெரியாதே, நீ சொல்லு" என்று போனை அவன் கையில் கொடுங்கள்.