நெடும்பயணப் பாய்மரப் படகுக்கு எந்தப் புரொப்பெல்லர் வாங்கலாம்? எப்படிப் பராமரிப்பது?

36 அடிப் படகு, 30 குதிரைத்திறனை ஒட்டிய டீசல் எஞ்சின், படகோடு வந்த மூன்று பிளேடு நிலையான புரொப்பெல்லர். நெடும்பயணத்துக்கு முன் இதை மடங்கும் வகைக்கு (பாயில் போகும்போது பிளேடுகள் மடிந்துகொள்ளும் வகை) மாற்றலாமா, மாற்றினால் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாற்றலாம். ஆனால் இப்போது இருப்பது உங்கள் எஞ்சினுக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். அது தெரியாமல் அதே அளவில் புதிது வாங்கினால், பழைய குறையையே அதிக விலை கொடுத்து வாங்குவதாக ஆகிவிடும்.

சோதிப்பது எளிது. படகின் அடிப்பாகமும் புரொப்பெல்லரும் சுத்தமாக இருக்க வேண்டும். தண்ணீர், டீசல், சாமான் எல்லாம் பயணத்தில் இருப்பதுபோல ஏற்றிக்கொள்ளுங்கள். அலையில்லாத, ஆழமான நீரில் எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டு த்ராட்டிலை முழுதாகத் தள்ளுங்கள். எஞ்சின் தன் அதிகபட்ச ஆர்.பி.எம்.மை, அதாவது நிமிடத்துக்கான சுற்று எண்ணிக்கையை, எட்ட வேண்டும். யான்மார் 3ஒய்எம்30க்கு அது 3600, வால்வோ பென்ட்டா டி1-30க்கு 3200. உங்களுடையது எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். 3600க்குப் போகவேண்டிய எஞ்சின் 3000லேயே நின்று கரும்புகை விட்டால் புரொப்பெல்லர் பெரியது, அல்லது பிட்ச் (பிளேடின் சாய்வு) அதிகம். எஞ்சின் எப்போதும் அதிகச் சுமையோடு உழைக்கிறது, ஆயுள் குறைகிறது. மாறாக, சிரமமே இல்லாமல் எல்லையைத் தொட்டும் படகு மெதுவாகத்தான் போகிறது என்றால் புரொப்பெல்லர் சிறியது. இந்தச் சோதனைக்கு ஒரு சில நிமிடம் போதும், அதற்கு மேல் நீட்ட வேண்டாம்.

ஆர்.பி.எம். மீட்டரை அப்படியே நம்பிவிடாதீர்கள். பல படகுகளில் அது ஆல்டர்னேட்டரிலிருந்து (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் மின்னாக்கி) கணக்கெடுக்கிறது. பெல்ட் வழுக்கினாலும், யாராவது ஆல்டர்னேட்டரையோ புல்லியையோ மாற்றியிருந்தாலும் எண் தப்பாகும். எஞ்சின் புல்லியில் ஒளி எதிரொலிக்கும் டேப்பை ஒட்டி, கையில் பிடிக்கும் ஒளி டாக்கோமீட்டரால் ஒருமுறை சரிபாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் கரும்புகைக்காக இன்ஜெக்டர்களை மாற்றி, வேறு என்னவெல்லாமோ பிரித்துப் பார்த்துச் செலவழித்தார். கடைசியில் பிட்சைக் குறைத்ததும் புகை நின்றுவிட்டது.

புரொப்பெல்லரின் ஹப்பில் (பிளேடுகள் சேரும் நடுப்பகுதியில்) 16 x 11 என்பதுபோல எண்கள் பொறித்திருக்கும். முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். மரத்தில் ஏறும் திருகாணிபோல, வழுக்கலே இல்லாவிட்டால் ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் முன்னேறும் என்பதே பிட்ச். தோராயமாக, ஓர் அங்குலப் பிட்சை மாற்றினால் எஞ்சின் சுற்று 150 முதல் 200 வரை மாறும். விட்டத்தில் ஓர் அங்குலம் மாறினால் விளைவு அதைவிட இரண்டு மடங்காவது இருக்கும். குறை சிறிதாக இருந்தால் புதிது வாங்கவே வேண்டாம். புரொப்பெல்லர் பட்டறையில் பிளேடுகளை வளைத்து ஓரிரு அங்குலம் பிட்சைக் கூட்டியோ குறைத்தோ தருவார்கள்.

பாய்மரப் படகு மெதுவாகப் போகிற ஒன்று. நீர்மட்ட நீளம் 30 அடி என்றால் அதன் இயல்பான உச்ச வேகம் சுமார் 7.3 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). அதற்கு மேல் டீசலை எரித்தால் அலைதான் பெரிதாகும். இந்த வேகத்துக்கு, மெதுவாகச் சுற்றும் பெரிய விட்டம்தான் நல்ல உந்துதலைத் தரும். இடம்தான் தடை. பிளேடு நுனிக்கும் படகின் உடலுக்கும் இடையே விட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது இடைவெளி வேண்டும். கொஞ்சம் கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது, இல்லாவிட்டால் ஒவ்வொரு பிளேடும் கடக்கும்போது உடல் அதிரும்.

சரி, இப்போது வகை. நிலையான மூன்று பிளேடு எஞ்சினில் போகும்போது அருமையானது. பாயில் போகும்போது அதுவே தண்ணீரைப் பிடித்து இழுக்கும். மெல்லிய காற்றில் வேகத்தில் அரை நாட் குறைவது சாதாரணம். அரை நாட் என்பது 24 மணி நேரத்தில் 12 கடல் மைல். பத்து நாள் கடப்பில் 120 மைல், கிட்டத்தட்ட ஒரு நாள் பயணம். இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் நான் செலவுக்குத் துணிந்தேன்.

மடங்கும் வகையில் இழுவை மிகக் குறைவு, கயிறும் பாசியும் சிக்குவதும் குறைவு. பலவீனம் ரிவர்ஸில். பிளேடுகளைத் திறந்து வைப்பது சுழற்சியின் விசை, ஆனால் பின்னோக்கிய உந்துதல் அவற்றை மூடப் பார்க்கும். அதனால் ரிவர்ஸில் கூடுதல் சுற்று கொடுக்க வேண்டும். ஃபிளெக்ஸோஃபோல்ட், கோரி போன்றவற்றின் மூன்று பிளேடு மாதிரிகள் பழைய இரண்டு பிளேடு மாதிரிகளைவிட இதில் வெகுவாக முன்னேறியிருக்கின்றன. ஃபெதரிங் வகையில், மேக்ஸ்-ப்ராப் போன்றவற்றில், பாயில் போகும்போது பிளேடுகள் நீரோட்டத்தின் திசைக்குத் திரும்பிக்கொள்ளும். ரிவர்ஸ் போட்டால் பிளேடு முழுவதுமாகப் புரண்டு அதே முன்விளிம்பால் தண்ணீரை வெட்டும், ஆகவே நிறுத்தும் சக்தி நன்றாக இருக்கும். பிட்சையும் நாமே மாற்றி அமைக்கலாம். தட்டையான பிளேடு என்பதால் முன்னோக்கிய திறன் சற்றுக் குறையும், உள்ளே அசையும் பாகங்களும் அதிகம். நெருக்கமான துறைமுகங்களில் அடிக்கடி நுழைபவருக்கு நான் ஃபெதரிங் வகையையே சொல்வேன். என் படகிலும் அதுதான். தூரம் ஓடுவது அதிகம், கரை சேர்வது குறைவு என்றால் மடங்கும் வகை போதும்.

புதிது வாங்க இப்போது பணமில்லையா? நிலையான புரொப்பெல்லரைச் சும்மா சுற்றவிட்டால் இழுவை, பூட்டி வைப்பதைவிடக் குறைவு. கிளாஸ்கோவில் உள்ள ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தின் ஆய்விலும் இதுதான் தெரிந்தது. ஆனால் எஞ்சின் ஓடாமல் ஷாஃப்ட் (புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டு) சுற்றுவதை உங்கள் கியர்பாக்ஸ் தாங்குமா என்று கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். மடங்கும் வகையிலும் ஃபெதரிங் வகையிலும் முறை வேறு: எஞ்சினை நிறுத்தியபின் ரிவர்ஸில் போட்டு ஷாஃப்டை நிற்க வைத்தால்தான் பிளேடு அடங்கும்.

பராமரிப்பில் முதல் எதிரி கொட்டலசு, படகின் அடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிரி. நாலைந்து கொட்டலசு பிளேடில் ஒட்டினாலே உந்துதல் குறைவது கையில் தெரியும். நிறைய ஒட்டினால் எஞ்சின் கத்தும், படகு நகராது. நங்கூரம் போட்டுப் பல வாரம் நின்ற பிறகு, கிளம்பும் முன் மூழ்கிப் பார்த்துச் சுரண்டிவிடுங்கள். ப்ராப்ஸ்பீட் போன்ற சிலிகோன் பூச்சு உதவும், ஆனால் அதன் மேல் சுரண்டியைப் போடக்கூடாது, துணியால் துடைக்க வேண்டும். செயில்டிரைவ் (எஞ்சினிலிருந்து படகின் அடி வழியாக நேரே கீழிறங்கும் உந்துகால்) இருந்தால் அதன் கால் அலுமினியம், செம்பு கலந்த பெயின்ட் அதன் பக்கமே போகக்கூடாது.

அடுத்தது ஆனோட், மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தானே கரைந்து அதை அரிப்பிலிருந்து காக்கும் உலோகத் துண்டு. உப்பு நீருக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியம், நன்னீருக்கு மெக்னீசியம். பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள். ஷாஃப்டைப் பளபளக்கத் தேய்த்துவிட்டுப் பொருத்துங்கள், மேலே பெயின்ட் பூசவே வேண்டாம். கட்லஸ் பேரிங்கை (ஷாஃப்டைத் தாங்கும், தண்ணீரே மசகாக இருக்கும் பேரிங்) ஒட்டிவைத்தால் அதற்குப் போகும் தண்ணீர் தடைபடும், ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் தள்ளி வையுங்கள்.

ஆனோடைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது உலோகத்தைப் பொறுத்தது. மாங்கனீசு வெண்கலம் உண்மையில் துத்தநாகம் நிறைந்த பித்தளை. துத்தநாகம் கரைந்து போய், செம்பு மட்டும் துளைத்துளையாக மிஞ்சும். நிறம் இளஞ்சிவப்பாக மாறும். படகைக் கரையேற்றும்போது ஒவ்வொரு பிளேடையும் மரச் சுத்தியலால் மெல்லத் தட்டிக் கேளுங்கள். நல்ல பிளேடு மணிபோல் ஒலிக்கும், கெட்டது மொட்டையாகச் சத்தமிடும். புதிது வாங்கினால் நிக்கல் அலுமினிய வெண்கலத்தைக் கேட்டு வாங்குங்கள், இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

கரையேற்றும்போதே ஃபெதரிங் ஹப்பில் தயாரிப்பாளர் சொன்ன கிரீஸை ஏற்றுங்கள். மடங்கும் வகையில் பிளேடைப் பிடிக்கும் ஆணியும் பல்லும் தேய்ந்து ஆட்டம் காண்கிறதா பாருங்கள். ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டிக் கட்லஸ் பேரிங்கின் தேய்மானத்தையும் பார்த்துவிடலாம். புரொப்பெல்லரைக் கழற்றப் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) மட்டுமே. சுத்தியலால் அடித்தால் ஷாஃப்டோ கியர்பாக்ஸோ அடிபடும். திரும்பப் போடும்போது முதலில் கீ (ஷாஃப்டையும் ஹப்பையும் பிணைக்கும் சிறு உலோகத் துண்டு) இல்லாமல் டேப்பரில் (ஷாஃப்டின் கூம்பிய முனையில்) ஏற்றி, எவ்வளவு தூரம் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கீயோடு ஏற்றும்போதும் அதே இடம்வரை போக வேண்டும். போகாவிட்டால் ஹப் கீயின் மேல் உட்கார்ந்திருக்கிறது, டேப்பரில் பிடிப்பில்லை என்று பொருள். இரண்டு நட்டில் மெல்லியது முதலில், தடித்தது அதற்கு மேல், கடைசியில் புதிய காட்டர் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் ஆணி).

புது புரொப்பெல்லர் வந்ததும் பழையதை விற்றுவிடாதீர்கள். நெடும்பயணத்தில் மடங்கும் பிளேடு ஒன்று உடைந்தால் அதற்குப் பாகம் வந்துசேர வாரங்கள் ஆகலாம். பழையதை அதன் கீ, நட்டுகள், ஒரு புல்லர், நாலைந்து ஆனோட், காட்டர் பின்கள் எல்லாவற்றோடும் ஒரே பெட்டியில் கட்டிப் படகுக்குள் அடித்தளத்தில் வையுங்கள்.