கிரைம் (grime) இசையைத் தொடங்கிவைத்த லண்டன் ராப் பாடகர் டிஸ்ஸி ராஸ்கல் பிறகு பாப் பக்கம் போய்க் கெட்டுவிட்டார் என்கிறார்களே, உண்மையா?

முதலில் ஒரு தொல்லையைத் தீர்த்துவிடுகிறேன். தமிழில் எழுதினால் இந்த இசையின் பெயரும் பஸ் நிலையக் கடைகளில் தொங்கும் கிரைம் நாவலும் ஒன்றாகிவிடுகின்றன. இது குற்றமல்ல (crime), அழுக்கு (grime): கிழக்கு லண்டனில் பிறந்த, வேகமான மின்னணுத் தாளத்தின்மேல் ராப் பாடும் இசை. சுவரில் படிந்துபோய், தேய்த்தாலும் போகாத கரிப்பிசுக்கு.

நான் இதை முதலில் கேட்டது 2006இல், லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது, 8ஆம் எண் பஸ்ஸின் மேல்தளத்தில். கடைசி வரிசையில் பள்ளிச் சீருடையில் நான்கு பையன்கள். ஒருவன் கையில் செல்பேசி. தகர டப்பாவைத் தட்டுவது போல ஒரு தாளம், அதன்மேல் மூச்சுவிடாமல் யாரோ சண்டைக்கு வருவது போல ஒரு குரல். தலைவலி தாங்காமல் ரோமன் ரோடு வருவதற்குள் கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வருடம் நண்பனின் அறையில் நல்ல ஒலிபெருக்கியில் அதே பாட்டைக் கேட்டேன். அடியில் கிழிந்து உறுமும் தாழ்சுரம் ஒன்று இருந்தது. செல்பேசி அதை முழுங்கிவிட்டிருந்தது. பஸ்ஸில் நான் கேட்டது பாதிப் பாட்டுத்தான்.

அந்தப் பாட்டு 'ஐ லவ் யூ'. துண்டு துண்டாக வெட்டிய ஒரு குரல் தலைப்பைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும். பையனோ பெண்ணைப் பழித்துக்கொண்டிருப்பான். பிறகு ஒரு பெண் குரல் வந்து, வாங்கியதை வட்டியோடு திருப்பிக் கொடுக்கும். இதைச் செய்தபோது டிஸ்ஸி ராஸ்கலுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

இயற்பெயர் டிலன் மில்ஸ். 1984இல் பிறந்து, கிழக்கு லண்டனின் போ (Bow) பகுதியில் வளர்ந்தவர். தந்தை சிறுவயதிலேயே இறந்துவிட, கானாவிலிருந்து வந்த தாய் தனியாக வளர்த்தார். பல பள்ளிகள் அவரை வெளியே அனுப்பின. கடைசியாகப் போய்ச் சேர்ந்த பள்ளியிலும் மற்ற வகுப்புகள் கதவைச் சாத்த, இசை வகுப்பு மட்டும் மிஞ்சியது. அங்கிருந்த கணினியில்தான் அவர் தன் தாளங்களை அடுக்கக் கற்றார். எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள் அந்த இசை ஆசிரியர். 'எழுந்து போ' என்று அவரும் சொல்லியிருந்தால் நாம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

ஆனால் "தொடங்கிவைத்தவர்" என்று ஒருவரை மட்டும் சொல்வது நியாயமில்லை. அதே பகுதிக்காரரான வைலி 2002 வாக்கில் 'எஸ்கிமோ' போன்ற, பனிக்கட்டியைத் தட்டியது போன்ற இசைத்தட்டுகளைத் தன் காரில் ஏற்றிக் கடைகடையாக விற்றுவந்தார். டிஸ்ஸி அவருடைய ரோல் டீப் குழுவில் வளர்ந்தவர். இவர்களுக்கு மேடையாக இருந்தவை ரின்ஸ் எஃப்எம் போன்ற உரிமமில்லாத வானொலிகள். அடுக்குமாடிக் கட்டடத்தின் கூரையில் ரகசியமாக ஆன்டெனா நட்டு ஒலிபரப்புவார்கள், அதிகாரிகள் வந்து பிடுங்குவார்கள், மறுபடி நடுவார்கள். ரின்ஸுக்கு உரிமம் கிடைத்தது 2010இல்தான். நிமிடத்துக்கு ஏறக்குறைய 140 தாளத் தட்டு என்ற அந்த வேகத்தில், அடுத்தவன் மைக்கைப் பிடுங்குவதற்குள் சொல்ல வந்ததைச் சொல்லியாக வேண்டும். அந்த அவசரம் டிஸ்ஸியின் குரலிலும் உண்டு.

2003 ஜூலையில் சைப்ரஸின் அயியா நாப்பாவில் அவரைக் கத்தியால் குத்தினார்கள். அதே மாதம் முதல் ஆல்பமான 'பாய் இன் த கார்னர்' வெளிவந்தது. மஞ்சள் அறையின் மூலையில் உட்கார்ந்து, விரல்களால் தலையில் கொம்பு வைத்துக்கொண்டிருக்கும் அந்த அட்டைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். செப்டம்பரில் ரேடியோஹெட், கோல்ட்பிளே இருந்த பட்டியலில், ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குப் பிரிட்டனில் தரும் மெர்க்குரி பரிசு அவருக்குக் கிடைத்தது. பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. வைலியோடு உறவு முறிந்ததும் அந்தக் கோடையில்தான்.

இனி உங்கள் கேள்வி. 2008இல் சொந்த நிறுவனம் மூலம் வெளியிட்ட 'டான்ஸ் விவ் மீ' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டு 'பாங்கர்ஸ்'. 2012 ஒலிம்பிக் தொடக்க விழாவில், தான் வளர்ந்த தெருக்களுக்குப் பக்கத்திலேயே அதைப் பாடினார். இதைக் கெட்டுப்போவது என்று நான் சொல்ல மாட்டேன். மூலையில் உட்கார்ந்திருந்த பையன் நம் ரசனைக்காக ஆயுள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டுமா? (கால்பந்து உலகக் கோப்பைக்காகப் பாடிய 'ஷவுட்' பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.) அவர் பெயர் கெட்டது வேறு விஷயத்தில். முன்பு தனக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணைத் தாக்கியதற்காக 2022இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. 24 வாரம் குறிப்பிட்ட நேரங்களில் வீட்டைவிட்டு வெளியே வரத் தடை விதித்தது. அதற்குப் பாப் இசையைக் குறைசொல்ல முடியாது.

கேட்டுப் பார்ப்பதென்றால் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டான 'சிட்டின் ஹியர்'இலிருந்து தொடங்குங்கள். செல்பேசியில் மட்டும் வேண்டாம்.