அம்மா வேலைக்குப் போனதில்லை, வீட்டில் பீடிதான் சுற்றினார். நினைவு அட்டையில் என்ன எழுதுவது?

"அம்மா காலமாகிப் பத்து நாளாகிறது. பதினாறாம் நாளுக்கு அட்டை அச்சடிக்க வேண்டும். அம்மா படிக்கவில்லை, வேலைக்கும் போகவில்லை, வீட்டில் பீடிதான் சுற்றினார். எழுத எதுவும் தோன்றவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள்.

'வேலைக்கும் போகவில்லை' என்ற இடத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, தம்பி. என் மனைவியைப் பற்றி நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் அம்பாசமுத்திரத்தில் ஓர் அச்சகத்தில் அச்சுக் கோர்த்தவன். ஈய எழுத்துக் காலம். கல்யாணப் பத்திரிகைக்கு அடுத்தபடியாக எங்களுக்கு வந்த வேலை கண்ணீர் அஞ்சலியும் நினைவு அட்டையும்தான். ஆண் இறந்தால் பெயருக்குக் கீழே 'ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்', 'முன்னாள் ஊராட்சித் தலைவர்', 'அரிசி வியாபாரம்' என்று ஒரு வரி வரும். பெண் இறந்தால் 'இன்னாரின் துணைவியார்' என்று வரும். அதற்குக் கீழே 'அன்பின் உருவமே, பாசத்தின் பிறப்பிடமே' என்று இரண்டு வரி. அந்த இரண்டு வரியைக் கலைக்காமல் நூல் கட்டி ஓரமாக வைத்திருப்போம். அடுத்த அம்மா இறந்தால் பெயரை மட்டும் மாற்றினால் போதும். எத்தனை அட்டைக்கு அந்த வரிகளை எடுத்து வைத்தேன் என்று கணக்கில்லை. அவர்களில் பாதிப் பேராவது பீடி சுற்றியவர்களாக இருந்திருப்பார்கள். எங்கள் பக்கம் அப்படி.

இரண்டு வருடத்துக்கு முன் என் மனைவி போனாள். அட்டைக்கு வாசகம் எழுத நான்தான் உட்கார்ந்தேன். 'அன்பின் உருவமே' என்று எழுதினேன். கை அதற்கு மேல் ஓடவில்லை.

அவள் முக்கூடல் பக்கத்துக் கிராமத்துப் பெண். 1979-இல் எங்களுக்குக் கல்யாணம். அப்போதெல்லாம் பெண் பார்க்கப் போனால் "பீடி கார்டு இருக்கிறதா?" என்று கேட்பார்கள். பீடித் தொழிலாளி என்பதற்கான அட்டை அது. என் அம்மாவும் கேட்டாள். இருந்தது. மறு வாரமே கத்தரியும் சுளகும் (முறம்) எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. 2010 வரை, 31 வருடம், அந்தச் சுளகு அவள் மடியைவிட்டு இறங்கவில்லை.

சாயங்காலம் பீடி இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பாள். விடியற்காலை 4 மணிக்கு, அளவுத் தகட்டை இலைமேல் வைத்து அவள் வெட்டும் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வரும். காலைச் சோறு இறக்கியதும் திண்ணையில் சுளகோடு உட்காருவாள். இலையில் புகையிலைத் தூளைப் பரப்பி, இரண்டு கட்டை விரலாலும் ஒரே உருட்டு. நூலை இரண்டு சுற்று. நுனியை நகத்தால் மடக்கினால் ஒரு பீடி. 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தால் 1000. கண் சுளகைப் பார்க்காது. அடுப்பையும் தெருவில் விளையாடும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருக்கும். இலையும் தூளும் கொடுத்த பீடிக் கடைக்குக் கொண்டுபோனால் ஒவ்வொரு கட்டாக அழுத்திப் பார்ப்பார்கள். தளர்ந்தது, சொத்தை என்று ஒதுக்கியதற்குக் காசு கிடையாது.

1992 நவம்பரில் தாமிரபரணி வெள்ளம் வந்தது நினைவிருக்கும். ராத்திரி எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறியது. நான் இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று கத்துகிறேன். அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்று இலைக் கட்டையும் தூள் பையையும் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள். கோபத்தில் வாயில் வராத வார்த்தை எல்லாம் வந்துவிட்டது எனக்கு. "நனைந்த இலைக்கு யார் காசு கொடுப்பார்கள்? கடையில் நம் கணக்கில்தான் எழுதுவார்கள்" என்று ஒரே வார்த்தைதான் சொன்னாள். மூன்றாம் நாள், ஊரே தங்கியிருந்த பள்ளிக்கூட வராந்தாவில் ஓர் ஓரமாக உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள்.

1998-இல் என் மகள் நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வந்தாள். 'தாயின் தொழில்' என்ற கட்டத்தில் நான்தான் என் கையால் 'இல்லை' என்று எழுதினேன். பக்கத்தில் நின்றவள் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த பீடித் தொழிலாளர் அடையாள அட்டையைக் கொண்டுவந்து விண்ணப்பத்தின் மேல் வைத்தாள். பீடித் தொழிலாளர்களுக்கென்று 1966-இல் ஒரு சட்டமும், 1976-இல் நல நிதிச் சட்டமும் வந்திருந்தன. அந்த நிதியில் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை உண்டு. இதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. நாள் முழுக்க எழுத்தோடு கிடந்த எனக்குத் தெரியவில்லை. அந்த அட்டையின் பேரில்தான் மகளுக்கு உதவித்தொகை வந்தது. ஆப்செட் அச்சு இயந்திரம் வந்து அச்சுக் கோர்ப்பவர்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு இரண்டு வருடம் எனக்கு வேலையில்லை. அந்த இரண்டு வருடமும் வீட்டில் அடுப்பு எரிந்தது அவள் சுளகால்.

இதைப் படித்துவிட்டு, "புகையிலையைப் பெருமை பேசுகிறீர்களா?" என்று யாராவது வருவீர்கள். எனக்கு எந்தப் பழக்கமும் கிடையாது. பீடி ஆளைக் கொல்லும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தூளை 31 வருடம் மூச்சில் இழுத்தவள் இருமிய இருமலையும் பக்கத்தில் படுத்து நான்தான் கேட்டேன். அவளுக்கு வேறு என்ன வேலை வீட்டு வாசலுக்கு வந்தது? பீடியை விற்று லாபம் பார்த்தவர்களிடம் போய் உங்கள் கேள்வியைக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் தொடர்பில்லைதான், ஆனால் எனக்கு மனது ஆறவில்லை. கடைசிக் காலத்தில் ரேஷன் கடையில் கைரேகை இயந்திரம் வைத்தார்கள். அவள் விரலை வைத்தால் ரேகை விழாது. கட்டை விரல், ஆள்காட்டி விரல் எல்லாம் கண்ணாடி மாதிரி வழவழவென்று தேய்ந்திருந்தன. எண்ணெய் துடைத்து வா, சோப்புப் போட்டுக் கழுவி வா என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். எந்தக் கடை என்று எழுதப்போவதில்லை. பி.எஃப். ஓய்வூதியத்துக்கு உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்கப் போன இடத்திலும் இதே கதை. 2014-இல் குறைந்தபட்ச ஓய்வூதியத்தை மாதம் 1000 ரூபாயாக்கினார்கள். அந்த ஆயிரத்துக்குத்தான் இந்த அலைச்சல். கவுண்டரில் இருந்த பையன், "பாட்டி, உங்களுக்கு ரேகையே இல்லையே" என்றான். "வேலை பார்த்த கை, அப்படித்தான் இருக்கும்" என்று அவள் சொன்னாள். அந்த வேலையை 'இல்லை' என்று எழுதியவன் அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அட்டைக்கு வருகிறேன். 'அன்பின் உருவமே' என்ற வரியை அடித்துவிட்டு, அவள் பெயருக்குக் கீழே 'பீடித் தொழிலாளி, 1979 முதல் 2010 வரை' என்று எழுதினேன். மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்பா, சம்பந்தி வீட்டார் கையில் இந்த அட்டையை எப்படிக் கொடுப்பது?" என்றான். நியாயமான சங்கடம்தான், அவனைத் திட்டவில்லை. என் பேத்திதான் பேச்சை மாற்றினாள். பள்ளிக்கூடம் போகும் முன்பே 25, 50, 75 என்று எண்ணப் பழகியவள் அவள். பழைய கதை பேசிக்கொண்டே ஆச்சி புளியங்கொட்டையைக் கட்டுக் கட்டாகக் குவித்துச் சொல்லிக்கொடுத்தது. "ஆச்சி மொத்தம் எத்தனை பீடி சுற்றியிருப்பாள் தாத்தா?" என்று கேட்டாள். ஒரு நாளைக்கு 800, வருடத்துக்கு 250 நாள் என்று குறைத்தே போட்டோம். வருடத்துக்கு 2 லட்சம். 31 வருடத்துக்கு 62 லட்சம். மகன் அந்தத் தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனே அச்சகத்துக்குக் கொண்டுபோனான்.

பதினாறாம் நாள் அவளோடு சேர்ந்து சுற்றியவர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். படிக்கத் தெரியாத ஒருத்தி, பெயருக்குக் கீழே என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். பேத்தி படித்துக் காட்டினாள். அவள் இன்னும் ஓர் அட்டை கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

உங்கள் அம்மாவின் பாஸ் புத்தகமோ அடையாள அட்டையோ பெட்டியின் அடியில்தான் கிடக்கும், தேடுங்கள். வேலை பார்த்த வருடம் அதில் இருக்கும். பிறந்த தேதி சரியாகத் தெரியாவிட்டால் 'தோற்றம்' என்ற இடத்தில் எதையாவது போட்டு நிரப்ப வேண்டாம், அந்த வரியையே விட்டுவிடுங்கள். உங்களுக்கு இன்னும் 6 நாள் இருக்கிறது. அச்சடிக்க ஒரு நாள் போதும்.