மாத்திரையை எப்போது நிறுத்தலாம்? – பொது சுகாதாரம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எழுபது வயதான என் மாமியாருக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 'பிரஷர் சரியாகிவிட்டது, இனி எதற்கு?' என்று பாதி அட்டையை அலமாரியில் அப்படியே போட்டு வைத்திருக்கிறார். இலவசமாகக் கொடுக்கிற மாத்திரையில் வீரியம் இருக்காது என்றும் சொல்கிறார். உண்மையா? – வாசகி, திருக்கோவிலூர்

பதில்: வீரியம் பற்றிய சந்தேகத்தை முதலில் முடித்துவிடுவோம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது. கிடங்குக்கு வரும் சரக்கிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, அது தேறிய பிறகே மருத்துவமனைகளுக்கு வழங்குகிறது. கடையில் வேறு வேறு பெயர்களில் விற்கும் அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்துதான் 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்ட அட்டையிலும் இருக்கிறது. அட்டையின் பகட்டுக்கும் மருந்தின் வேலைக்கும் தொடர்பில்லை.

மாமியாரின் முதல் வாதம்தான் சுகாதாரத் துறைக்கே தலைவலி. அழுத்தம் சரியாக இருப்பது மாத்திரை வேலை செய்வதால். நிறுத்தினால் சில நாட்களிலோ வாரங்களிலோ பழைய அளவுக்கே ஏறிவிடும், ஏறுவது அவருக்குத் தெரியவும் தெரியாது. 2020-இல் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும் நீரிழிவு உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் நோய் கட்டுப்பாட்டில் இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் பஞ்சமில்லாத மாநிலத்தில் இந்த நிலை என்பதுதான் கவலைக்குரியது. மாத்திரை இருந்தது, அதை வாங்க அரை நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. ஒரு மாதம் தவறினால் ஏன் வரவில்லை என்று கேட்பதற்கும் ஆள் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டபோது, மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண்களையே தன்னார்வலர்களாக அமர்த்தியது அந்தக் குறையை உணர்ந்து செய்த ஏற்பாடு. ஆனாலும் தன்னார்வலரால் அட்டையை வாசல் வரைதான் கொண்டுவர முடியும். அடுத்த முறை அவர் வரும்போது, மிச்சமிருக்கும் மாத்திரைகளை மாமியார் முன்னாலேயே எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். கூச்சமாக இருக்கும், பரவாயில்லை.

கேள்வி: கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வாரந்தோறும் வந்து தண்ணீர்த் தொட்டியில் மருந்து ஊற்றுகிறார்கள். குடிக்கிற தண்ணீரில் மருந்து ஊற்றலாமா? தெருவில் புகை அடித்தால் போதாதா? – வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். புகை கலைந்த மறுநாளே தொட்டியிலிருந்து புதிய கொசு எழுந்து வரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்கள் எடுத்துக்கொள்கிறது. வாரம் ஒருமுறை அவர்கள் வருவது அந்தக் கணக்கில்தான். ஊற்றுவது பெரும்பாலும் டெமிஃபாஸ் என்ற கொசுப்புழுக்கொல்லி. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேற்படாமல் குடிநீர்க் கலன்களில் பயன்படுத்தலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

ஏடிஸ் தன் முட்டைகளைத் தண்ணீரில் மிதக்க விடாமல், நீர்மட்டத்தை ஒட்டி ஈரமாக இருக்கும் தொட்டிச் சுவரில் ஒட்டி வைக்கும் என்பதும், அவை தண்ணீர் வற்றிய பிறகும் மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து அடுத்த மழையில் நனைந்ததும் பொரியும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ஆகவே தொட்டியைக் காலி செய்து கவிழ்த்தால் மட்டும் போதாது. தேங்காய் நாரோ பிரஷோ கொண்டு உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். ஃபிரிட்ஜின் பின்புறம் நீர் சொட்டும் தட்டை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். தெருவெல்லாம் சுத்தமாக இருந்தும் ஒரு வீட்டில் மட்டும் காய்ச்சல் வருவதற்கு அந்தத் தட்டு காரணமாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நெஞ்சு வலி என்று போனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரே தடவையில் 14 மாத்திரை கொடுக்கிறார்களாமே? அதை வீட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்ளலாமா? – வாசகர், பெரம்பலூர்

பதில்: வேண்டாம். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின் மாத்திரைகள் அவை: ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டேடின் 8. ரத்தக் குழாயில் ரத்தம் மேலும் உறைந்து அடைக்காமல் தடுக்க, முதல் வேளை மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதல் அளவு தேவைப்படுகிறது. சிறிய அளவு மாத்திரைகளே கையிருப்பில் இருப்பதால் எண்ணிக்கை கூடித் தெரிகிறது. பெரிய மருத்துவமனையை அடைய ஒரு மணி நேரமாகும் கிராமங்களில் அந்த ஒரு மணி நேரத்தை வீணாக்காமல் இருப்பதற்காக வந்த திட்டம் இது. ஆனால் வயிற்றுப்புண்ணில் ரத்தக்கசிவு உள்ளவருக்கு இதே மாத்திரைகள் ஆபத்தாக முடியலாம். பரிசோதித்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். மாத்திரை போட்டதும் வலி குறைந்துவிட்டது என்று வீடு திரும்பவும் கூடாது. 108-இல் ஏறியாக வேண்டும்.

கேள்வி: என் அண்ணனுக்குக் காசநோய் என்று தெரிந்த அன்றே எடை பார்த்தார்கள், விரலில் கருவி மாட்டினார்கள், பிடிக்காமல் எழுந்து நிற்கச் சொன்னார்கள். சளிப் பரிசோதனை முடிந்த பிறகு இதெல்லாம் எதற்கு? – வாசகி, ஆரணி

பதில்: உங்கள் அண்ணனை வீட்டுக்கு அனுப்பலாமா, படுக்கையில் சேர்க்க வேண்டுமா என்று முடிவு செய்வதற்கு. காசநோயால் இறப்பவர்களில் பலர் சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே இறந்துவிடுகிறார்கள். உடல் மிகவும் மெலிந்திருப்பது, ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே இருப்பது, பிடிமானமின்றி நிற்க முடியாதது ஆகிய மூன்றும் அதற்கான எச்சரிக்கைகள். தமிழ்நாடு 2022-இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்', எக்ஸ்ரேயை எதிர்பார்க்காமல் செவிலியரே சில நிமிடங்களில் பார்த்துவிடக்கூடிய இந்த மூன்றையும் வைத்து ஆபத்தில் இருப்பவரைப் பிரித்தெடுக்கிறது. எளிமையான யோசனைதான், ஆனால் துறையில் நான் கண்ட நல்ல மாற்றங்களில் இதற்கு முன்வரிசையில் இடம் தருவேன். சத்துணவுக்காக மாதம் ரூ.1,000 வங்கிக் கணக்கில் வர வேண்டும். வராவிட்டால் காசநோய்ப் பிரிவில் கேளுங்கள்.

கேள்வி: நாய் கடித்து இரண்டு ஊசி போட்டாயிற்று. காயம் ஆறிவிட்டது, அந்த நாயும் தெருவில் நன்றாகத்தான் திரிகிறது. மூன்றாவது ஊசிக்குரிய நாளைத் தவறவிட்டுவிட்டேன். முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? – வாசகர், சிவகாசி

பதில்: தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் ஊசிக்கு, முதல் ஊசி போட்ட நாளை 0 என்று வைத்து, 0, 3, 7, 28 ஆகிய நாட்கள் கணக்கு. காயம் ஆறியதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வெறிநோய்க் கிருமி நரம்பு வழியாக மூளையை நோக்கி மெல்ல நகரும், அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழியில்லை. இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வரும் வரை காத்திருக்காமல் போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். போகவில்லை என்றால் ஊசிச் சீட்டை எடுத்துக்கொண்டு இன்றே புறப்படுங்கள்.