தாத்தாவின் பழைய கான் ஆல்டோ சாக்ஸபோனைப் பாலிஷ் போட்டு வாசிக்கலாமா?

கிருஷ்ணகிரியில் பேண்டு செட்டில் வாசித்த உங்கள் தாத்தாவின் ஆல்டோ சாக்ஸபோன் பல ஆண்டுகளாகப் பரணில் கிடந்ததாகவும், பெல்லில் (விரிந்த வாய்ப்பகுதியில்) கான் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பெயரும், எல்கார்ட் என்ற அதன் ஊர்ப் பெயரும் பின்புறத்தில் 1914 என்ற ஆண்டும் இருப்பதாகவும், கறுத்துப்போன அதைப் பாலிஷ் போட்டு மறுபடி வாசிக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாசிக்க முடியும், பாலிஷ் மட்டும் வேண்டாம். தருமபுரியில் பேண்டு வாத்தியங்களைப் பழுது பார்த்துவரும் எனக்கு இதே கேள்வி அடிக்கடி வருவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 1914. அது கருவி செய்யப்பட்ட ஆண்டு அன்று. துளைகளின் விளிம்பைக் குழாயின் உலோகத்திலிருந்தே இழுத்து உருவாக்கும் முறைக்குக் கிடைத்த காப்புரிமையின் தேதி 1914 டிசம்பர் 8. காப்புரிமை எண் 1119954. கான் நிறுவனம் இந்த வரியைப் பிந்தைய பல ஆண்டுகள் தன் சாக்ஸபோன்களில் பொறித்துவந்தது. அதற்குப் பக்கத்தில் வேறொரு எண் இருக்கும். அதுவே வரிசை எண். அந்த எண்ணோடு எல் அல்லது எச் என்ற எழுத்து இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். எல் என்றால், ஏ என்ற ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸில் வைக்கும், இன்று எல்லோரும் பயன்படுத்தும் தாழ் சுருதி. எச் என்றால் 457 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர் சுருதி. இரண்டுக்கும் இடையே ஒரு ஸ்வரஸ்தானத்தில் பாதிக்கும் மேலான வேறுபாடு உண்டு. வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸை வெளியே இழுத்து இதைச் சரிசெய்துவிடலாம் என்பார்கள். துளைகளுக்கு இடையிலான தூரமே வேறு என்பதால், ஒரு ஸ்வரம் சேர்ந்தால் மற்றொன்று விலகும். பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகள் 1920களின் இறுதி வரை உயர் சுருதியிலேயே வாசித்தன. ஆகவே நம் பக்கத்துப் பழைய கருவிகளில் உயர் சுருதிக் கருவி தென்பட்டால் வியப்பில்லை. எச் இருந்தாலும் மனம் தளர வேண்டியதில்லை. கர்நாடக சங்கீதம் தனியாக வாசிப்பதானால் மின்னணுச் சுருதிப் பெட்டியைக் கருவிக்கு ஏற்றவாறு வைத்துக்கொள்ளலாம். மற்றக் காற்று வாத்தியங்களுடன் சேர்ந்து வாசிப்பதுதான் இயலாது.

அடுத்தது பாலிஷ். அந்தக் காலத்துக் கான் சாக்ஸபோன்களில் பல, பித்தளை மீது வெள்ளி முலாம் பூசப்பட்டவை. நீங்கள் சொல்லும் கறுப்பு பெரும்பாலும் வெள்ளியின் மேல் படிந்த கறையாகவே இருக்கும், ஓசைக்கு அதனால் ஒரு கேடும் இல்லை. வீட்டில் யாராவது வெள்ளிப் பாத்திரத்தைத் துலக்குவது போலத் திருநீறோ பல்பொடியோ போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள். அந்தத் தூள், துளைகளை மூடித் திறக்கும் கீக்களின் அச்சுக் கம்பிகளுக்குள் புகுந்து எண்ணெயுடன் சேர்ந்து உலோகத்தை அரைத்துவிடும். புளி இன்னும் மோசம். அதன் புளிப்பு இடுக்குகளில் தங்கி எஃகுத் திருகுகளையும் ஸ்பிரிங்குகளையும் துருப்பிடிக்கச் செய்யும். பட்டறையில் கொடுத்துச் சக்கரத்தில் மெருகேற்றினால் முலாமும் பெல்லில் உள்ள சித்திர வேலைப்பாடும் வரிசை எண்ணும் ஒருசேரத் தேய்ந்துவிடும். சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பதே அவற்றைத்தான். கீக்களைக் கழற்றிய பின் மென்மையான துணியால் துடைப்பதே போதுமானது.

உண்மையான நோய் காற்றுக் கசிவு. ஆல்டோவில் 20க்கும் மேற்பட்ட துளைகளைப் பேட்கள் மூடுகின்றன. அட்டை, அதன் மேல் ஃபெல்ட், அதற்கு மேல் மெல்லிய தோல் என்பதே பேடின் அமைப்பு. பரணில் கிடந்த கருவியில் தோல் காய்ந்து வெடித்திருக்கும், ஃபெல்ட்டைப் பூச்சி அரித்திருக்கும். மேல்பகுதியில் மயிரிழை அளவு கசிந்தாலும் கீழ் ஸ்வரங்கள் பேசாது, அல்லது குமிழியிடுவது போலத் தடுமாறும். ஆசிரியர்கள் பலர் இதை மாணவனின் ஊதும் குறை என்று எண்ணிவிடுகிறார்கள். சோதிக்க, எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் மெல்லிய எல்.இ.டி. சரம் ஒன்றை இருட்டறையில் குழாய்க்குள் இறக்கி, ஒவ்வொரு கீயையும் விரல் பாரம் மட்டும் கொடுத்து மூடிப் பாருங்கள். பேடின் விளிம்பில் வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தால் அங்கே கசிவு. அழுத்தி மூடினால் வெளிச்சம் மறைந்து கசிவு இல்லை என்று தோன்றும், அது ஏமாற்று. இன்னும் நுட்பமாக அறிய, சிகரெட் பெட்டியின் மேலுறைக் கண்ணாடித் தாளைக் குறுகலாக வெட்டிப் பேடுக்கும் விளிம்புக்கும் இடையே வைத்து, கீயை மெல்ல மூடி இழுத்துப் பார்க்கலாம். சுற்றிலும் ஒரே அளவு பிடிப்பு இருக்க வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்து வந்தால் பேட் அங்கே சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

பேட்களை ஒட்டுவதற்கு அரக்குதான் ஏற்றது. மர வேலைக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் ஸ்பிரிட்டில் கரைக்கும் அதே அரக்கு. பேட் உட்காரும் கிண்ணமான கப்பின் வெளிப்புறத்தைச் சூடாக்கினால் அது இளகும். பேடை நகர்த்தி மட்டம் பார்த்து ஆறவிடலாம், தவறினால் மறுபடி இளக்கலாம். உடனே ஒட்டும் பசையில் இந்த வசதி கிடையாது. அடுத்தமுறை கழற்றுகிறவர் கப்பையே சுரண்ட வேண்டியிருக்கும். புதிய மாடல்களுக்கான பேட் செட் பழைய கானுக்கு அப்படியே பொருந்தாது. ஒவ்வொரு கப்பையும் வெர்னியர் அளவுகோலால் அளந்து வாங்க வேண்டும். உங்கள் கருவியில் துளைகளின் விளிம்பு வெளிப்புறமாகச் சுருட்டப்பட்டிருந்தால், மட்டமாக்குகிறேன் என்று யாரும் அதில் அரம் வைக்க விடாதீர்கள். தேய்ந்துபோனால் திரும்ப வராத பகுதி அது.

கழுத்தின் முனையில் திருகும் வளையம் ஒன்று இருக்கக்கூடும். அது சுருதியை நுட்பமாகச் சேர்ப்பதற்கான அமைப்பு, பெரும்பாலும் இறுகிப்போயிருக்கும். குறடு போட்டுத் திருகினால் மெல்லிய குழாய் நசுங்கும். துரு இளக்கும் எண்ணெய் விட்டுப் பொறுமையாகக் காத்திருப்பதே வழி.

கீக்களுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் பேண்டு செட்டுகளில் உண்டு. ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும் என்பதால், மார்கழி விடியலில் ஓசூர்ப் பக்கம் வாசிக்கப் போனால் கீக்கள் எழும்பவே தயங்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். அச்சு தேய்ந்து ஆடும் பழைய கீக்களுக்குச் சற்றுக் கெட்டியான எண்ணெய் நல்லது. கல்யாண மண்டபத்தில் இனிப்பும் டீயும் சாப்பிட்ட வாயோடு ஊதுவதால் ஜி ஷார்ப் ஸ்வரத்துக்கான பேட் ஒட்டிக்கொள்வதும் வழக்கம்; முகப் பவுடர் தூவாமல், ஸ்பிரிட்டில் நனைத்த காகிதத்தைப் பேடுக்கு அடியில் வைத்து மூடி எடுத்துத் துடையுங்கள். மவுத்பீஸை நம் மாவட்டங்களின் போர்வெல் தண்ணீரில் கழுவினால் உள்ளே வெள்ளையாக உப்புப் படியும். ஒகேனக்கல் குடிநீரோ வடிகட்டிய நீரோ நல்லது. எபோனைட் என்ற கடின ரப்பர் மவுத்பீஸாக இருந்தால் சுடுநீர் கூடாது. பச்சையாக நிறம் மாறிக் கந்தக வாடை வீசும். பழைய மவுத்பீஸைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதியது வாங்க அவசரப்படவும் வேண்டாம். உட்குழிவு குறுகிய இன்றைய மவுத்பீஸ்கள் பல, 1920களின் கருவிகளில் சுருதி சேர்வதில்லை.

பேட்கள் முழுவதும் மாற்றிய பிறகு முதல் சில வாரங்களில் தோலும் ஃபெல்ட்டும் அழுந்திப் படியும். அப்போது சில இடங்களில் கசிவு மறுபடி தோன்றும். அதனால் வேலையைக் கொடுக்கும்போதே, ஒரு மாதம் வாசித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தால் அரக்கை இளக்கி மட்டம் பார்த்துத் தர வேண்டும் என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள்.