கொள்கலனுக்குள் போகும் கார்கள்: வாசகர் கேள்வி – பதில்

ஒன்ராறியோவில் இயங்கும் கார்த் திருட்டுக் கும்பல்களைப் பற்றியும் அவற்றைத் துப்புத் துலக்கும் பொலிஸ் புலனாய்வாளர்களின் வேலையைப் பற்றியும் வந்த கேள்விகளில் சில இங்கே.

அயலவரின் எஸ்.யூ.வி. வாகனம் இரவோடு இரவாகக் களவு போயிற்று. உள்ளே ஒளித்து வைத்திருந்த தடங்காட்டிக் கருவி, அது மறுநாள் ஒரு ரயில் சரக்கு முற்றத்தில் நிற்பதாகக் காட்டியது. இடம் தெரிந்த பின்னும் பொலிஸார் உடனே போய் மீட்கவில்லையே, ஏன்?
– மார்க்கத்திலிருந்து ஒரு வாசகி

தடங்காட்டிக் கருவி ஓர் இடத்தைக் காட்டுமே தவிர ஒரு பெட்டியைக் காட்டாது. சரக்கு முற்றத்தில் கொள்கலன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். உருக்குச் சுவர் சமிக்ஞையை மங்கச் செய்வதால், கைத்தொலைபேசித் திரையில் தெரியும் புள்ளிக்குள் நூறு கொள்கலன்கள் அடங்கிவிடக்கூடும். பூட்டி முத்திரையிட்ட கொள்கலனைத் திறக்கப் பொலிஸாருக்குப் பொதுவாக நீதிமன்ற ஆணை வேண்டும். அந்த ஆணையைக் கேட்கும் அதிகாரி, குறிப்பிட்ட இந்தக் கொள்கலனுக்குள்தான் திருட்டுப் பொருள் இருக்கிறது என்று நம்புவதற்கான நியாயமான காரணங்களைச் சத்தியக்கூற்றில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். முற்றம் ரயில் நிறுவனத்தின் சொத்து என்பதும், கனடாவின் இரு பெரிய ரயில் நிறுவனங்களும் தமக்கெனச் சொந்தப் பொலிஸ் பிரிவுகளை வைத்திருக்கின்றன என்பதும் இன்னொரு சிக்கல். இவையெல்லாம் நடந்து முடிவதற்குள் கொள்கலன் மொன்றியல் நோக்கிப் புறப்பட்டுவிடலாம். அதன் பிறகு விடயம் கியூபெக் பொலிஸாரிடமும் கனடா எல்லைச் சேவைகள் முகமையிடமும் போய்விடுகிறது. ஏற்றுமதிக் கொள்கலன்களைச் சோதிக்கும் அதிகாரம் முகமைக்கு உண்டு. ஆனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 லட்சம் கொள்கலன் அலகுகளைக் கையாளும் மொன்றியல் துறைமுகத்தில் பெரும்பாலும் பொலிஸார் தரும் துப்பை வைத்தே அது குறிவைத்துத் திறக்கிறது.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வாகனம் பூட்டிய கொள்கலனுக்குள் அல்லாமல் திறந்த வெளியில் நிற்கும்போதும் பொலிஸார் வரவில்லையென்றால், அந்தத் தாமதத்தைச் சட்டத்தின்மேல் போட முடியாது. அது ஆட்பற்றாக்குறையும் முன்னுரிமையும் சார்ந்த கேள்வி. திருடர்கள் வாகனத்தை உடனே கொள்கலனில் ஏற்றுவதில்லை. யாராவது தடம்பிடித்து வருகிறார்களா என்று பார்ப்பதற்காகவே ஒரு தெருவோரத்திலோ அடுக்குமாடித் தரிப்பிடத்திலோ சில நாட்கள் விட்டுவைப்பது அவர்களது வழக்கம். எளிதாக மீட்கக்கூடிய நேரம் அதுதான். கருவி காட்டிய இடங்களையும் நேரங்களையும் கைத்தொலைபேசித் திரையிலிருந்து படம் பிடித்து முறைப்பாட்டோடு கொடுக்கச் சொல்லுங்கள். தாமாகப் போய் எடுக்க முனைய வேண்டாம் என்றும் சொல்லுங்கள். காவலுக்கு நிற்பவன் கையில் என்ன இருக்கும் என்பது யாருக்கும் தெரியாது.

திறப்பு வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது காரை எப்படிக் கொண்டுபோகிறார்கள்?
– பிரம்ரனிலிருந்து ஒரு வாசகர்

பல வழிகள் உண்டு. வாசலுக்கு அருகே கிடக்கும் திறப்பின் மெல்லிய சமிக்ஞையை ஒருவன் கருவியால் பிடித்துப் பெருக்கி, காருக்கு அருகே நிற்கும் மற்றவனுக்குக் கடத்துவது ஒன்று. திறப்பு பக்கத்தில் இருப்பதாகக் கார் நம்பிக் கதவைத் திறக்கிறது. காருக்குள் நுழைந்து, பழுதுபார்ப்பவர்கள் கணினியை இணைக்கும் துளை வழியாகப் புதுத் திறப்பொன்றைப் பதிவு செய்வது இன்னொன்று. மூன்றாவது முறை கொஞ்சம் நுட்பமானது. முன்விளக்கைப் பெயர்த்து, அதன் பின்னாலுள்ள கம்பிகள் வழியாக வாகனத்தின் உள்வலையமைப்புக்குப் பொய்ச் செய்தி அனுப்பி, 'திறப்பு சரிபார்க்கப்பட்டது' என்று இயந்திரத்தை ஏமாற்றுகிறார்கள். இந்த முறைக்குச் சமிக்ஞையைத் தடுக்கும் உலோகப் பை உதவாது.

உரிய திறப்பு இல்லாமல் கார் கிளம்பாதபடி தடுக்கும் இயந்திர முடக்கிகள் கனடாவில் 2007 செப்ரெம்பரிலிருந்து புதிய வாகனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டன. அந்தத் தரநிலை கம்பியை முறுக்கிக் காரைக் கிளப்பிய திருடனை மனதில் வைத்து எழுதப்பட்டது. மடிக்கணினியோடு வருபவனை அது எதிர்பார்க்கவில்லை. இந்த விடயத்தில் வாகன உற்பத்தியாளர்கள் மீது விழும் குறை நியாயமானதே என்பது என் கருத்து.

செய்திகளில் 'வெக்டர்', 'ஸ்ராலியன்' என்று நடவடிக்கைகளின் பெயர்கள் வருகின்றன. புலனாய்வாளர்கள் உண்மையில் எதைத் தேடுகிறார்கள்? ஒரு திருடனைப் பிடித்தால் மற்றவர்கள் அகப்பட மாட்டார்களா?
– ஸ்காபரோவிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்

அகப்படுவதில்லை, அப்படி அகப்படாதபடிதான் தொழிலே அமைக்கப்பட்டிருக்கிறது. இரவில் வீட்டு முற்றத்துக்கு வருபவன் பெரும்பாலும் இளைஞன், சில வேளைகளில் பதினெட்டு வயதும் நிரம்பாதவன். எந்த வகைக் கார், எந்த ஆண்டு, எங்கே கொண்டுபோய் விடுவது என்பது மட்டுமே அவனுக்குக் கட்டளையாக வரும். விட்ட இடத்திலிருந்து எடுத்துச் செல்பவன் வேறு; இலக்கத்தகட்டை மாற்றுபவன் வேறு; கொள்கலனில் ஏற்றுபவன் வேறு; தளபாடம் என்றோ வீட்டுப் பொருட்கள் என்றோ பொய்ப் பட்டியல் எழுதிக் கப்பலில் இடம் பதிபவன் வேறு. மேலே இருப்பவரின் கை காரில் படுவதே இல்லை. ஆகவே முற்றத்தில் பிடிபட்டவனை எவ்வளவு விசாரித்தாலும் அவனுக்குத் தெரிந்தது ஒரு தொலைபேசி எண்ணும் ஒரு தரிப்பிடமும்தான்.

புலனாய்வாளர்கள் இதனால் இரண்டு பக்கமிருந்தும் வேலை செய்கிறார்கள். ரொறன்ரோ பொலிஸார் 2022 நவம்பரில் தொடங்கிய 'ஸ்ராலியன்' நடவடிக்கை வீட்டு முற்றத்துப் பக்கத்திலிருந்து போனது. எற்றோபிக்கோவையும் நகரின் வடமேற்கையும் உள்ளடக்கிய இரண்டு பொலிஸ் பிரிவுகளில் திருட்டு மிகுந்திருந்ததால் அங்கே கவனம் குவிக்கப்பட்டது. ஓராண்டின் பின் வெளியிட்ட கணக்கின்படி 1,080 வாகனங்கள் மீட்கப்பட்டன. அவற்றின் மதிப்பு ஏறத்தாழ 6 கோடி டொலர். 228 பேர் கைதாகினர். 553 குற்றச்சாட்டுகள் பதியப்பட்டன. பெரிய எண்கள்தான். ஆயினும் 2023ஆம் ஆண்டில் ரொறன்ரோவில் மட்டும் 12,000க்கும் மேற்பட்ட வாகனங்கள் திருடு போயின என்பதை அவற்றின் அருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

'வெக்டர்' மறுபக்கத்திலிருந்து, துறைமுகத்திலிருந்து, தொடங்கியது. ஒன்ராறியோ மாகாணப் பொலிஸாரும் எல்லைச் சேவைகள் முகமையும் கியூபெக், மொன்றியல் பொலிஸ் படைகளும் பிறரும் சேர்ந்து, 2023 டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து 400க்குச் சற்றுக் குறைவான கொள்கலன்களைச் சோதித்து 598 திருட்டு வாகனங்களை மீட்டதாக 2024 ஏப்ரலில் அறிவித்தனர். அவற்றுள் 483 ஒன்ராறியோவில் களவாடப்பட்டவை. மொத்த மதிப்பு 3 கோடியே 45 லட்சம் டொலர்.

நானாக இருந்தால் இரண்டாவது வகை வேலைக்கே கூடுதல் பணம் ஒதுக்குவேன். கார் உருண்டோடிவிடும், தொலைபேசி எண் ஒரே வாரத்தில் மாறிவிடும்; கொள்கலனை அனுப்ப ஒரு நிறுவனத்தின் பெயர் வேண்டும், கப்பல் நிறுவனத்தில் பதிவு வேண்டும், பணம் கட்டிய ஒரு கணக்கு வேண்டும், மறுகரையில் பெற்றுக்கொள்ள ஒரு பெயர் வேண்டும். அதே அனுப்புநர் முன்பு எத்தனை கொள்கலன்களை அனுப்பினார், எந்தக் களஞ்சியத்திலிருந்து ஏற்றினார், எந்த முகவர் ஆவணம் தயாரித்தார் என்று தேடிக்கொண்டு போனால்தான் புலனாய்வு முற்றத்து இளைஞனைத் தாண்டி மேலே ஏறுகிறது. அதற்கு நீதிமன்ற ஆணை பெற்று வங்கி, தொலைபேசிப் பதிவுகளை வரவழைக்க வேண்டும். தேவைப்பட்டால் சந்தேக வாகனத்தில் கருவி பொருத்தவும் தொலைபேசியை ஒட்டுக்கேட்கவும் தனித்தனி ஆணைகள் பெற வேண்டும். தொலைக்காட்சியில் காட்ட இதில் எதுவும் இல்லை. அதனாலேயே மாதக் கணக்கில் ஒன்றும் நடக்காதது போல வெளியில் தோன்றுகிறது.

பாவித்த வாகனமொன்றைத் தனியார் ஒருவரிடம் நல்ல விலைக்கு வாங்கி, என் பெயரில் பதிந்தும் ஆயிற்று. ஆறு மாதம் கழித்துப் பொலிஸார் வந்து, அது திருட்டு வாகனம் என்று எடுத்துச் சென்றுவிட்டார்கள். பதிவு இருந்தும் எனக்கு உரிமை இல்லையா?
– ஏஜக்ஸிலிருந்து ஒரு வாசகர்

வருந்தத்தக்க பதில்தான்: இல்லை. திருடியவனுக்கு உரிமை இல்லாதபோது அவனிடமிருந்து வாங்கியவருக்கும் உரிமை மாறுவதில்லை. வாகனம் முதல் உரிமையாளருக்கோ அவருக்கு இழப்பீடு கொடுத்துவிட்ட காப்புறுதி நிறுவனத்துக்கோ சேரும். பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு வழக்கிடும் உரிமை இருக்கிறது. ஆனால் விற்றவரின் பெயரும் முகவரியும் பொய்யாக இருந்தால் அந்த உரிமையால் பெரிதாகப் பயன் இல்லை. உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்கியவருக்கு மாகாணத்தில் ஓர் இழப்பீட்டு நிதி உண்டு. தனியாரிடம் வாங்குபவருக்கு அது பொருந்தாது.

திருட்டுக் கார்கள் எல்லாமே கடல் கடப்பதில்லை. ஒரு பகுதி, அடையாள இலக்கம் மாற்றப்பட்டு உள்ளூரிலேயே விற்கப்படுகிறது. ஒவ்வொரு வாகனத்துக்கும் 17 எழுத்துகளும் இலக்கங்களும் சேர்ந்த அடையாளம் உண்டு. ஐ, ஓ, கியூ என்னும் ஆங்கில எழுத்துகள் அதில் வரமாட்டா. ஒன்பதாம் இடத்திலுள்ளது மற்றவை சரியா எனக் கணக்கிட்டுப் பார்ப்பதற்கான இலக்கம். பத்தாவது மாதிரி ஆண்டைக் குறிப்பது. திருடர்கள் இந்த அடையாளத்தைப் புனைவதைவிட, வேறெங்கோ ஓடிக்கொண்டிருக்கும் அதே வகைக் காரின் உண்மையான இலக்கத்தைப் பிரதி செய்வதையே விரும்புகிறார்கள். கணக்கீட்டில் அது பிழையின்றித் தேறிவிடும். பதிவு அலுவலகப் பணியாளர்கள் சிலரே கையூட்டுப் பெற்றுப் பொய்ப் பதிவுகளுக்கு உடந்தையானதாகவும் ஒன்ராறியோவில் வழக்குகள் வந்திருக்கின்றன. உங்கள் பதிவு எளிதாக நிறைவேறியது எப்படி என்பதற்கு இது ஒரு விளக்கமாகலாம்.

இனி வாங்கப்போகிறவர்களுக்காக: தனியார் விற்பனையில் விற்பவர், 'பாவித்த வாகனத் தகவல் தொகுப்பு' என்னும் மாகாண அரச ஆவணத்தைக் கொடுப்பது ஒன்ராறியோவில் சட்டக் கடமை. அதிலுள்ள உரிமையாளரின் பெயர் உங்கள் முன் நிற்பவரின் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முன்கண்ணாடிக்குக் கீழே தெரியும் இலக்கத்தையும் சாரதிக் கதவுச் சட்டத்திலுள்ள ஒட்டியையும் ஒப்பிடுங்கள். பிறகு அந்த வகைக் கார் விற்கும் முகவர் நிலையத்தில் கொடுத்து, காரின் கணினிக்குள் பதிந்திருக்கும் இலக்கத்தையும் வாசிக்கச் செய்யுங்கள். வெளியே தகட்டை மாற்றியவர்கள் பலர் உள்ளே மாற்ற மறந்துவிடுகிறார்கள். தரிப்பிடத்தில் வைத்துக் காசாகத்தான் வேண்டும் என்பவரிடம் எவ்வளவு மலிவானாலும் வாங்க வேண்டாம்.

பிடிபட்டவர்கள் மறுநாளே பிணையில் வந்துவிடுகிறார்களே?
– மிசிசாகாவிலிருந்து ஒரு வாசகர்

பிணை குற்றமற்றவராகக் கருதப்படும் ஒருவரின் அரசியலமைப்பு உரிமை. அதை வெறும் சலுகையாக எண்ணிக் கோபப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. உண்மையான தடுமாற்றம் வேறிடத்தில் இருக்கிறது. குற்றக் கும்பல் என்று நிரூபிக்க, மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் பொருளாதார நலனுக்காக முறையாக இணைந்து இயங்கினர் என்று காட்ட வேண்டும். அதற்கான சான்றுகள் ஆயிரக்கணக்கான பக்கங்களாகப் பெருகும். கனடாவின் உச்ச நீதிமன்றம் 2016இல் வழங்கிய ஜோர்டன் தீர்ப்பின்படி மாகாண நீதிமன்றத்தில் 18 மாதங்களுக்குள்ளும் மேல்நிலை நீதிமன்றத்தில் 30 மாதங்களுக்குள்ளும் வழக்கு முடியாவிட்டால் அது தள்ளுபடியாகும் ஆபத்து உண்டு. பெரிய கும்பல் வழக்கில் அரசுத் தரப்பு அஞ்சுவது இந்தக் கடிகாரத்துக்குத்தான். 2024 ஜூனில் வந்த சட்டத் திருத்தம், வன்முறையோடோ கும்பல் தொடர்போடோ செய்யப்படும் வாகனத் திருட்டுக்கு 14 ஆண்டு வரை சிறை விதிக்க இடம் தந்தது. தண்டனையை அது உயர்த்தியிருக்கிறது. நிரூபிக்கும் சுமையைக் குறைக்கவில்லை.

திறப்பை வாசலருகே வைத்துவிடும்படி பொலிஸாரே சொன்னது உண்மையா?
– ரொறன்ரோவிலிருந்து ஒரு வாசகி

உண்மைதான். 2024இல் எற்றோபிக்கோவில் நடந்த பொதுக்கூட்டமொன்றில் ஓர் அதிகாரி, திருடர்கள் வீட்டுக்குள் புகுந்து தாக்குவதைத் தவிர்க்க அப்படிச் செய்யலாம் என்றார். பெருங்கண்டனம் எழுந்தபின், நோக்கம் நல்லதாயினும் வேறு வழிகள் உண்டு என்று பொலிஸ் துறை விளக்கமளித்தது. உயிருக்கு முன் கார் பெரிதல்ல என்ற அளவில் அவரது கவலை புரிகிறது. ஆனாலும் நான் திறப்பை வாசலிலிருந்து தூரத்தில், உலோகப் பையில் வைப்பதையும், சுக்கானுக்குப் பூட்டுப் போடுவதையுமே பரிந்துரைப்பேன்.

கடல் கடந்துபோன கார் திரும்பி வருமா?
– வோனிலிருந்து ஒரு வாசகர்

அரிதாகவே வரும். பெரும்பாலானவை மேற்கு ஆபிரிக்காவுக்கும் மத்திய கிழக்குக்கும் போகின்றன. 2024 பெப்ரவரியில் கனடாவின் திருட்டு வாகனப் பதிவுகள் இன்ரர்போலின் தரவுத்தளத்தோடு இணைக்கப்பட்ட பிறகு, சில மாதங்களுக்குள்ளேயே 1,500க்கும் மேற்பட்ட கனேடிய வாகனங்கள் உலகின் பல பகுதிகளில் அடையாளம் காணப்பட்டன. அடையாளம் காண்பது வேறு, திருப்பி அனுப்புவது வேறு. அந்நாட்டு நீதிமன்ற நடைமுறை, கப்பல் கூலி, வாகனத்தின் நிலை எல்லாம் குறுக்கே வரும். மேலும் காப்புறுதி நிறுவனம் உங்களுக்கு இழப்பீடு கொடுத்து முடித்திருந்தால் அந்தக் கார் இப்போது அதன் சொத்து. திருப்பிக் கொண்டுவருவதா, அங்கேயே விற்பதா என்பதை அந்த நிறுவனமே முடிவு செய்யும். ஆகவே உள்ளே விட்டுப்போன பொருட்களுக்குத் தனியே, உங்கள் வீட்டுக் காப்புறுதியின் கீழ், இப்போதே கோரிக்கை வையுங்கள்.